ஏணைப் பிள்ளைக்கு நூல் யானை: எதை வாங்குவது, எதை விடுவது?

கேள்வி: சிநேகிதிக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. முப்பத்தொண்டுக்கு (பிறந்த 31ஆம் நாள் சடங்குக்கு) போகும்போது கையால் பின்னிய யானைப் பொம்மை ஒன்று கொண்டுபோக விருப்பம். குறோசே (கொக்கி ஊசிப் பின்னல்) ஓரளவு தெரியும். கடையில் மூன்று உருண்டை வூலும் ஒரு பை பிளாஸ்ரிக் கண்ணும் வேணும் என்கிறார்கள். உண்மையில் என்னென்ன தேவை? (கிளிநொச்சி)

பதில்: மூன்று உருண்டை வேண்டாம். உட்கார்ந்த நிலையில் 13, 14 சென்ரிமீற்றர் உயர யானைக்கு 8 இழைப் பருத்தி நூல் 50 கிராம் உருண்டை ஒன்றே போதும். 3 மில்லிமீற்றர் குறோசே ஊசி, அடைக்க 40 கிராமளவு பொலியெஸ்ரர் பஞ்சு, கண் தைக்கக் கறுப்பு எம்பிராய்டரி நூல் ஒரு கட்டு, நுனி மழுங்கின தையலூசி. வேறொன்றும் தேவையில்லை.

நூல் லேபலில் 4 மில்லிமீற்றர் ஊசி என்று போட்டிருக்கும். அது சட்டைக்கு. பொம்மைக்கு அந்த ஊசியைப் பிடித்தால் பின்னல் இளகி, கண்ணிக்கு இடையால் வெள்ளைப் பஞ்சு தெரியும். பிள்ளை அதைத்தான் நுள்ளி வாய்க்குள் வைக்கும். இரண்டு ஊசியில் நிற்றிங் செய்பவர்களுக்கும் இதே கதைதான், ஊசியை இரண்டு அளவு குறைக்க வேண்டும்.

தலையை வளையத்துக்குள் 6 கண்ணியோடு தொடங்குங்கள். சுற்றுக்கு 6 கூட்டிக்கொண்டு போனால் ஆறாவது சுற்றில் 36 வரும். ஆறு சுற்று கூட்டாமல் குறைக்காமல் பின்னி, பிறகு மூன்று சுற்றில் 18க்கு இறக்குங்கள். அதுதான் கழுத்து. இங்கே நூலை வெட்ட வேண்டாம். அதிலிருந்தே திரும்ப 36க்கு ஏற்றி, எட்டுச் சுற்று நேரே போய், 6க்கு இறக்கினால் உடம்பு. தலையையும் உடம்பையும் தனித்தனியே பின்னித் தைத்த பொம்மைக்குக் கழுத்துத்தான் முதலில் விடும். தலையைக் கழுத்திலேயே அடைத்துவிட்டுத்தான் உடம்பைத் தொடங்க வேண்டும். கழுத்துக்குள் பஞ்சை இறுக்கித் திணிக்காவிட்டால் தலை ஒரு கிழமையில் தொங்கிவிடும்.

தும்பிக்கை 6இல் தொடங்கி 9க்குக் கூட்டி, பத்துச் சுற்று. கால் நான்கும் 12 கண்ணியில் எட்டுச் சுற்று. காது இரண்டும் 30 கண்ணி வரும்வரை தட்டையான வட்டம். ஒவ்வொன்றையும் முடிக்கும்போது 30 சென்ரிமீற்றர் நூல் விட்டு வெட்டி, அதே நூலால் இரண்டு சுற்றுத் தையுங்கள். பிள்ளை பிடித்து இழுக்கப்போவது தும்பிக்கையைத்தான்; அதற்கு மூன்று சுற்றுத் தைத்தாலும் பிழையில்லை.

இணையத்தில் மாதிரி பார்த்துப் பின்னுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அமெரிக்கர் ஒற்றை என்று எழுதுகிற கண்ணியைப் பிரித்தானியர் இரட்டை என்று எழுதுவார்கள். மாறிப் பின்னினால் யானை ஒட்டகச்சிவிங்கி உயரத்துக்கு நீளும்.

பிளாஸ்ரிக் கண் வேண்டவே வேண்டாம். பின்னால் பூட்டு வளையம் இருந்தாலும், பின்னல் துணி இழுக்க இழுக்க விரியும். கண்ணும் வளையமும் சேர்ந்தே கழன்று வரும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கண்ணை நூலால்தான் தைக்க வேண்டும். மணி, பொத்தான், கழுத்து ரிபனும் வேண்டாம். ஒரு வயது வரைக்கும் தூங்கும் பிள்ளைக்குப் பக்கத்தில், ஏணைக்குள்ளோ தொட்டிலுக்குள்ளோ, மென்பொம்மை எதுவும் போடக் கூடாது. கொடுக்கும்போதே தாயிடம் சொல்லிவிடுங்கள்.

இலவம் பஞ்சு வீட்டிலேயே கிடக்கிறது என்று அடைக்காதீர்கள். கழுவினால் கட்டிபட்டு, உள்ளுக்குள் காயாமல் பூஞ்சணம் பிடிக்கும். சத்தம் கேட்க அரிசி, பயறு போடுவதும் அப்படித்தான், பூச்சி வரும்.

கேள்வி: யானைக்குப் பதிலாக வூல் போர்வையும் தொப்பியும் பின்னிக் கொடுக்கலாமா? (வவுனியா)

பதில்: கச்சான் காற்று வெக்கையில் அது பெட்டிக்குள்தான் கிடக்கும். மாரியில் பிறந்த பிள்ளையென்றால் மெல்லிய பருத்திப் போர்வை சரி. 75 சென்ரிமீற்றர் சதுரத்துக்கே 300 கிராமுக்கு மேல் நூல் போகும், செலவையும் பாருங்கள்.

கேள்வி: சந்தையில் லேபல் இல்லாத நூல் "பருத்தி" என்று விற்கிறார்கள். நம்பலாமா? (புதுக்குடியிருப்பு)

பதில்: விரல் நீளத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, வெளியில் வந்து நெருப்பில் பிடியுங்கள். பருத்தி கடதாசி எரிகிற மணத்தோடு எரிந்து சாம்பலாகும். அக்ரிலிக் உருகிச் சுருண்டு, ஆறினதும் கறுத்த கட்டியாக இறுகும். அக்ரிலிக் பாவிக்கக் கூடாதென்றில்லை, ஆனால் உரசலில் பஞ்சு பஞ்சாக எழும்பும். வாயில் வைக்கிற பொம்மைக்கு நாங்கள் பருத்தியைத்தான் சொல்வோம்.

சாயத்துக்கும் ஒரு சோதனை: நூலை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்துங்கள். சிவப்பும் கடும் நீலமும்தான் அதிகம் இறங்கும். இரண்டு உருண்டை வாங்குவதென்றால் லேபலில் உள்ள சாய இலக்கம் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் காது ஒரு சாம்பல், உடம்பு வேறு சாம்பல். முடித்த பொம்மையைக் கழுவச் சவர்த் தண்ணீர் சரிவராது. சோப்பு நுரைக்காமல் நூலில் படிந்து விறைக்கும். மழைநீரோ நல்ல தண்ணீரோ எடுத்து, பிழிந்து, நிழலில் காய விடுங்கள்.

கேள்வி: பின்ன நேரமில்லை. முகநூலில் ஒருவரிடம் ஓடர் கொடுத்தேன், பாதிப் பணமும் போட்டுவிட்டேன். 50 கிராம் நூலுக்கு இவ்வளவு விலையா? (மாங்குளம்)

பதில்: விலை நூலுக்கு இல்லை. இந்த அளவு யானையில் 1,600 கண்ணிக்குக் கிட்ட இருக்கிறது; கை பழகினவருக்கும் தைத்து முடிக்க ஒரு நாள் வேலை. பேரம் பேசுவதை விட, நூல் என்ன, உள்ளே என்ன பஞ்சு, கண் தைத்ததா பிளாஸ்ரிக்கா, எந்தத் திகதிக்குத் தருவார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். தைப்பதற்கு முன் துண்டுகளின் படம் ஒன்றும் கேளுங்கள். திருத்தம் சொல்ல அதுதான் நேரம்.

வங்கிச் சிட்டையையும் உரையாடலையும் அழிக்காதீர்கள். பற்றுச்சீட்டு கேட்டால் விற்பவர் கொடுக்க வேண்டும் என்பது இலங்கையின் 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். சொன்னதற்கு மாறாகப் பொருள் வந்து, ஆளும் பேசித் தீர்க்க மறுத்தால், நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு எடுங்கள். எழுத்து முறைப்பாடு என்றால் விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும்.