நாலு நாள் வீடும் அம்மாவின் முழங்காலும்

கேள்வி: ஜூன் பள்ளி விடுமுறைக்குத் தஞ்சாவூரிலிருந்து அண்ணன் குடும்பம் வருகிறது. எங்களோடு சேர்த்து 11 பேர். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் நாலறை வீட்டில் இடம் பத்தாது. அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. பேரப்பிள்ளைகள் எல்லாரோடும் ஒரே வீட்டில் படுத்து எழ வேண்டும் என்று ஆசைப்படுகிறார். ஒருவர் தன் கொண்டோவை (தனியார் அடுக்குமாடி வீட்டை) நாலு இரவுக்குத் தருகிறேன் என்கிறார். முன்பணத்தைப் பேநவ்வில் (கைப்பேசிவழிப் பணமாற்று) அனுப்பிவிட்டு, காவலாளி கேட்டால் "சொந்தக்காரர்கள்" என்று சொல்லச் சொல்கிறார். மலேசியாவில், மலாக்காவில் ஒரு ஹோம்ஸ்டேயும் (நாள் வாடகை வீடு) பார்த்தோம். எல்லையில் நெரிசலை நினைத்து என் கணவர் தயங்குகிறார். எதை எடுக்கலாம்?
– ஈசூன் வாசகி

பதில்: அன்புச் சகோதரி, கொண்டோவுக்கு இன்னும் பணம் அனுப்பவில்லை என்றால் அனுப்பாதீர்கள். சிங்கப்பூரில் தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது. வீவக (அரசு அடுக்குமாடி) வீடு என்றால் ஆறு மாதம். சர்வீஸ் அபார்ட்மெண்டில்கூடக் குறைந்தது ஏழு நாள் தங்க வேண்டும். விதியை மீறும் தனியார் வீட்டுக்காரருக்கு 200,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் போடலாம். அது அவர் பாடு என்று விட்டுவிட முடியாது. நிர்வாகத்துக்குத் தெரிந்தால் ராத்திரியில் பெட்டியும் கையுமாக வாசலில் நிற்கப்போவது உங்கள் அம்மாதான். காவலாளியிடம் பொய் சொல்லச் சொல்கிறவர் உங்களிடம் மட்டும் உண்மை பேசுவார் என்று எதை வைத்து நம்புவது?

சிங்கப்பூரிலேயே என்றால், பாசிர் ரிஸ்ஸில் உள்ள விடுமுறை விடுதியில் தங்கலாம். தொழிற்சங்க உறுப்பினர் என்றால் விலையும் குறையும். ஆனால் 11 பேரும் அறை அறையாகப் பிரிந்து படுக்க வேண்டியிருக்கும். அம்மா கேட்டது அதுவல்லவே. அதனால் நான் மலாக்காவுக்கே போகச் சொல்வேன், வீட்டைச் சரியாகப் பார்த்து எடுத்தால்.

சில வருடங்களுக்கு முன் நாங்களும் அங்கே ஓர் இரண்டு மாடி வீடு எடுத்தோம். படத்தில் வீடு பளிச்சென்று இருந்தது. போய்ப் பார்த்தால் கீழ்த்தளக் கழிவறைக்கு முக்கால் அடி உயரத்தில் ஒரு படி, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. என் மாமியார் கதவுச் சட்டத்தைப் பிடித்தபடி ஒரு காலைத் தூக்கிவிட்டு, அடுத்த காலைத் தூக்க முடியாமல் அப்படியே நின்றார். கடையில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் முக்காலி வாங்கி வந்து, அதை முன்னால் போட்டு ஏற்றி இறக்கினோம். ராத்திரி யாரையும் எழுப்பக் கூடாதென்று சாயங்காலமே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். இரண்டாம் நாள்தான் அது எங்களுக்குத் தெரிந்தது. இப்போது நினைத்தாலும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

அதனால் படங்களை நம்பாதீர்கள். வாசலில் தொடங்கி, கீழ்த்தளப் படுக்கையறை வழியாகக் கழிவறைக்குள் போகிற வரைக்கும் வெட்டாமல் ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படியின் உயரம் அதில் தெரிந்துவிடும். கீழே படுக்கையறையே இல்லை என்றால் வேறு வீடு பாருங்கள். 11 பேர் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்; ஆள் கூடினால் வைப்புத்தொகையைத் திருப்பித் தராத வீட்டுக்காரர்கள் உண்டு. மலேசியர் அல்லாதவர்களுக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி; வாடகையில் அது அடங்குமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சமையலைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, நான் சொல்கிறேன். வீடு எடுத்தால் நாமே சமைத்துக்கொள்ளலாம் என்று எல்லாரும் சொல்வார்கள். கடைசியில் நீங்களும் அண்ணியும் மூன்று வேளையும் அடுப்படியில் நிற்பீர்கள். காலையில் காப்பி, தோசை போதும். மதியம் வாழையிலைச் சாப்பாட்டுக்கு வெளியே போங்கள். தாளிக்கக் கூடாது என்று சொல்லும் வீடுகளும் இருக்கின்றன, முன்கூட்டியே கேளுங்கள்.

உங்கள் கணவரின் பயம் நியாயமானதுதான். வெள்ளி மாலை, சனி காலை வேண்டாம். செவ்வாய் அல்லது புதன் விடிகாலையில் துவாஸ் எல்லைப் பாலம் வழியாகப் புறப்படுங்கள். பேருந்து என்றால் இரண்டு சோதனைச்சாவடியிலும் இறங்கி வரிசையில் நிற்க வேண்டும், அம்மாவால் முடியாது. சொந்தக் கார் என்றால் உட்கார்ந்தபடியே போகலாம், ஆனால் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பும்போது பெட்ரோல் டாங்கி முக்கால்வாசியாவது நிறைந்திருக்க வேண்டும். வாடகை வேன் என்றால் இறங்க வேண்டியிருக்குமா என்று ஓட்டுநரிடம் கேட்ட பிறகே பேசி முடியுங்கள்.

அங்கே போனதும் ஒரு காலை, வெயில் ஏறுவதற்குள், அம்மாவைப் பொய்யாத விநாயகர் கோயிலுக்குக் கூட்டிப்போங்கள். 1781இல் மலாக்காச் செட்டிகள் (அங்கே பல தலைமுறையாக வாழும் தமிழ் வம்சாவளியினர்) கட்டியது. தஞ்சாவூரிலிருந்து வரும் பிள்ளைகளுக்கும் காட்ட வேண்டிய இடம்.

எதற்கும் பணம் கட்டுவதற்கு முன் அண்ணனை அழைத்து, சிங்கப்பூர் விசா ஒருமுறை நுழைவா, பலமுறை நுழைவா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒருமுறை மட்டும் என்றால் மலாக்கா போய்விட்டு அவர்களால் இங்கே திரும்பி வர முடியாது. பலமுறை என்றால், மலேசியாவுக்குள் நுழைய ஒரு மின்னியல் வருகை அட்டை, சிங்கப்பூர் திரும்பும்போது இன்னொன்று, இரண்டையும் பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அந்த வேலையைப் பெரிய பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள்.