இறுக்கினா போதுமா, விடத் தெரிய வேணாமா?

கேள்வி: மேடம், எனக்கு வயசு 36, ரெண்டு பிள்ளைங்களும் நார்மல் டெலிவரி. சின்னவன் பிறந்ததுல இருந்து தும்மினா, இருமினா, சத்தமா சிரிச்சாகூட ரெண்டு சொட்டு யூரின் போயிடுது. யூட்யூப் பாத்து கெகல், அதான் யூரினை அடக்குற தசையை இறுக்கி விடுற பயிற்சி, பண்ண ஆரம்பிச்சேன், பஸ்ல நின்னுட்டே, சமைச்சுட்டே, ஒரு நாளைக்கு 200 தடவைகூட பண்ணிருக்கேன். மூணு மாசமாகியும் லீக் நிக்கல, இப்போ புதுசா அடிவயித்துல வலி, போயிட்டு வந்த உடனே மறுபடி வர்ற மாதிரி இருக்கு, வீட்டுக்காரரோட சேர்றப்பவும் வலிக்குது. இன்னும் கூட்டிப் பண்ணணுமா?
- பெயர் வேண்டாம், கரூர்

பதில்: வேணாம்மா, முதல்ல நிறுத்துங்க. முன்பக்க இடுப்பெலும்புல இருந்து பின்னாடி வால் எலும்பு வரைக்கும் தூளி கட்டின மாதிரி ஒரு தசை இருக்கு, யூரின் பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூணையும் அதுதான் தாங்குது. பிரசவத்துல அது தளர்ந்துபோனா இருமறப்போ கசியும், இது எல்லாரும் சொல்றதுதான். ஆனா சிலருக்கு அதே தசை எந்நேரமும் முறுக்கிக்கிட்டே கிடக்கும். காலையில இருந்து கையை இறுக்கி மூடியே வெச்சிருந்தா சாயங்காலம் ஒரு குடத்தைத் தூக்க முடியுமா? அந்த மாதிரிதான், இறுகின தசைக்கும் பலம் இருக்காது, அதுவும் கசியும், கூடவே வலிக்கும். நீங்க சொல்றதைப் பாத்தா இதுவாத்தான் இருக்கும்னு தோணுது, ஆனா நேர்ல பாக்காம நான் முடிவு சொல்லக் கூடாது. மொதல்ல ஒரு யூரின் டெஸ்ட் எடுத்துடுங்க, இன்ஃபெக்‌ஷன் இருந்தாலும் இதே மாதிரி அடிக்கடி வரும்.

கெகல்ங்கிறது ஒரு அமெரிக்க டாக்டரோட பேரு. 1948ல அவர் இதை எழுதினப்போ தசை சரியா சுருங்குதான்னு அளந்து பாக்க ஒரு கருவியும் வெச்சிருந்தாரு, நாம கருவியை விட்டுட்டு பேரை மட்டும் பிடிச்சுக்கிட்டோம்! நிறைய பேர் தொடையையும் பின்பக்கத்தையும் இறுக்கிட்டு கெகல் பண்றோம்னு நினைச்சுக்கிறாங்க, இல்லன்னா கீழ முக்குறாங்க. அதனால இந்த வேலை தெரிஞ்ச பிசியோதெரபிஸ்ட் ஒருத்தரைப் பாருங்க, கைனகாலஜிஸ்ட்கிட்ட கேட்டா சொல்லுவாங்க.

அதுவரைக்கும் மல்லாக்க படுத்து, முட்டியை மடக்கி, வயித்து மேல கை வெச்சு மெதுவா மூச்சை இழுங்க. வயிறு மேல எழும்புறப்போ கீழயும் லேசா தளர்ந்து இறங்கும், அந்த தளர்ச்சிதான் நீங்க இப்போ கத்துக்க வேண்டியது. காலையும் ராத்திரியும் அஞ்சு அஞ்சு நிமிஷம் போதும். தசை விடப் பழகி வலி அடங்கினப்புறம்தான் இறுக்குற பயிற்சி. அதுவும் 200 எல்லாம் இல்ல, பிரிட்டன் மருத்துவ வழிகாட்டுதல்லயே வேளைக்கு குறைஞ்சது 8 தடவைன்னு ஒரு நாளைக்கு மூணு வேளை, குறைஞ்சது 3 மாசம்னுதான் சொல்றாங்க. ஒவ்வொரு தடவையும் இறுக்கின அளவுக்கு முழுசா விடணும். அப்போ இன்னொண்ணும் சொல்லித்தருவாங்க, இருமல் வருதுன்னு தெரிஞ்ச உடனே ஒரு செகண்ட் முன்னாடி இறுக்கிப் பழகுறது. யூரின் போறப்போ பாதியில நிறுத்திப் பாக்குற பழக்கம் இருந்தா விட்டுடுங்க, பை முழுசா காலியாகாது. யூரின்ல ரத்தம் வந்தாலோ, தொடை இடுக்குல மரத்துப் போனாலோ, யூரினே போக முடியலன்னாலோ காத்திருக்காம அன்னிக்கே ஆஸ்பத்திரி போங்க.

கேள்வி: என் மாமியாருக்கு 64 வயசு, அடி இறங்கிருக்குன்னு, அதாவது கர்ப்பப்பை கீழ சரிஞ்சிருக்குன்னு சொல்றாங்க. கர்ப்பப்பையை எடுத்துட்டா சரியாயிடுமா?
- வாசகி, தேனி

பதில்: எடுத்தா மட்டும் மேல சொன்ன தூளித் தசை இறுகாதும்மா, தாங்குற இடத்தையும் சேர்த்துத் தைக்கலன்னா பின்னாடி பிறப்புறுப்புப் பாதையோட மேல்பகுதியே கீழ இறங்கலாம். லேசான இறக்கம்னா பயிற்சியே நல்லா உதவும். ஆபரேஷன் வேணாம்னு நினைக்கிறவங்களுக்கு உள்ள வெச்சுக்கிற ரிங் இருக்கு, டாக்டர் அளவு பாத்து வெச்சுவிடுவாங்க, சில மாசத்துக்கு ஒருமுறை எடுத்துக் கழுவி செக் பண்ணிக்கணும். மலச்சிக்கலையும் நாள்பட்ட இருமலையும் முதல்ல கவனிங்க, தண்ணிக் குடத்தை இனிமே வீட்ல வேற யாராவது தூக்கட்டும்.