கை பிசையும் பெண் குழந்தைகள்: ரெட் நோய்க்குறி பற்றிச் சில கேள்விகள்

'அம்மா', 'தாத்தா' என்று பேசிக்கொண்டிருந்த என் ஒன்றரை வயது மகள் இப்போது பேசுவதே இல்லை. எந்நேரமும் கையைப் பிசைகிறாள். எம்இசிபி2 சோதனை எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். அது என்ன?

எக்ஸ் குரோமோசோமில் உள்ள மரபணு. டிஎன்ஏ மேல் மெத்தில் என்ற சிறு குறிகள் உண்டு. இந்த மரபணு தரும் புரதம் அவற்றில் ஒட்டிக்கொண்டு, பெரும்பாலும் மற்ற மரபணுக்களை அடக்கி வைக்கிறது. நரம்பு செல்களில் இந்தப் புரதம் மிக அதிகம். பழுதானால் மூளை தடுமாறும். நீங்கள் சொல்வது ரெட் நோய்க்குறியாக இருக்கலாம்: பெரும்பாலும் பெண் குழந்தைகளுக்கு வரும், கற்ற பேச்சையும் கைத்திறனையும் இழக்கவைக்கும் மூளை வளர்ச்சிக் கோளாறு. சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

1954-இல் வியன்னாவில் டாக்டர் ஆண்ட்ரியாஸ் ரெட், காத்திருப்பு அறையில் அம்மாக்களின் மடியில் இருந்த இரண்டு சிறுமிகளைப் பார்த்தார். இருவரும் ஒரே மாதிரி கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். இந்த நோய் மருத்துவ உலகின் கண்ணில் பட்டது அப்படித்தான். மரபணு பிடிபட்டது 1999-இல், அமெரிக்காவில் மரபியல் ஆய்வாளர் ஹுடா சோக்பியின் ஆய்வகத்தில்.

"உன் வழியில் வந்த நோய்" என்கிறார் மாமியார். உண்மையா?

இல்லை அம்மா. நூற்றில் தொண்ணூற்றைந்துக்கும் மேல் இது பரம்பரையாக வருவதில்லை. புதிதாக நேர்கிற மாற்றம். அதுவும் பெரும்பாலும் தந்தையின் விந்தணுவில். அதற்காக அவரையும் குறை சொல்ல வேண்டாம், யார் செய்த தவறும் இல்லை. மாமியாரையும் மரபணு ஆலோசனைக்கு அழைத்துப் போங்கள். அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் உங்கள் ரத்தத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

என் மகனுக்கு இதே மரபணு இரட்டிப்பாக இருக்கிறதாம். கூடுதலாக இருந்தால் நல்லதுதானே?

உப்பு மாதிரிதான் இது: குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். தசைத் தளர்ச்சி, வலிப்பு, அடிக்கடி நுரையீரல் தொற்று வரலாம். சளி, காய்ச்சல் என்றால் உடனே காட்டுங்கள்.

ரெட் நோய்க்குறி குணமாகுமா?

முழுமையாகக் குணமாக்கும் மருந்து இன்று இல்லை. 2023-இல் அமெரிக்காவில் டிரோஃபினடைடு என்ற மருந்து அனுமதி பெற்றது. அது அறிகுறிகளை ஓரளவு குறைக்கும், அவ்வளவுதான். ஆனால் 2007-இல் பிரிட்டன் ஆய்வாளர் ஏட்ரியன் பேர்டின் குழு எலிகளில் இந்த மரபணுவை மறுபடி இயக்கியபோது, நோய் முற்றியிருந்த எலிகளும் தேறின. நரம்பு செல்கள் சாகவில்லை என்பதுதான் அதற்குப் பொருள். மரபணு சிகிச்சை ஆய்வுகள் இந்த நம்பிக்கையில்தான் நடக்கின்றன. அதுவரை வலிப்பு, முதுகு வளைவு, இசிஜி மூன்றையும் தவறாமல் கவனியுங்கள்.

ரெட் நோய்க்குறி உள்ள என் ஒன்பது வயது மகளிடம் நான் பேசுவது அவளுக்குப் புரிகிறதா?

நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே புரிந்திருக்கலாம். கையும் வாயும் ஒத்துழைக்காத இந்தக் குழந்தைகள் கண்ணால் பேசுவார்கள். பால், தண்ணீர் என இரண்டு படங்களைப் பிடித்து "எது வேண்டும்?" என்று கேளுங்கள். அப்புறம் அவசரப்படாமல் காத்திருங்கள். பதில் வர அரை நிமிடம்கூட ஆகலாம்.