பள்ளிக்காக ஒரு வீடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கணவரின் வேலை மாறுகிறது. இன்னும் நான்கு மாதத்தில் வேறொரு நகரத்துக்குக் குடிபோகிறோம். அங்கே அரசுப் பள்ளிகளில் முகவரியை வைத்துத்தான் சேர்க்கை. மகனுக்குப் பதினான்கு வயது, மகளுக்கு ஐந்து. தரவரிசையில் முதலில் இருக்கும் பள்ளியின் எல்லைக்குள் வீடு எடுத்தால் சம்பளத்தில் பாதி வாடகைக்கே போய்விடும். வீடும் சிறியது, அலுவலகம் போக ஒன்றேகால் மணி நேரம் ஆகும். இன்னொரு பகுதி அலுவலகத்துக்குப் பக்கம், வாடகையும் கையைக் கடிக்காது. ஆனால் அங்குள்ள பள்ளிக்குப் பத்துக்கு ஆறுதான் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் படிப்பில் சிக்கனம் பார்க்கலாமா என்று வீட்டில் தினமும் இதே பேச்சு. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ரா.

அன்புள்ள ரா.,

நேராகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் இடத்தில் இருந்தால் நான் இரண்டாவது பகுதியைத்தான் எடுப்பேன், அந்தப் பள்ளிக்கு ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு.

முதலில் அந்தப் 'பத்துக்கு ஆறு'. பெரும்பாலான தரவரிசைகளுக்கு அடிப்படை, தேர்வு மதிப்பெண்களின் சராசரி. அந்தச் சராசரியில் பெரும்பங்கு பிள்ளைகள் பள்ளிக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. 1966இல் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் அமெரிக்காவில் சுமார் 6 லட்சம் மாணவர்களை வைத்து ஓர் ஆய்வறிக்கை வந்தது. பள்ளிகளுக்கு இடையே இருக்கும் வசதி வேறுபாட்டைவிடக் குடும்பப் பின்னணியே மதிப்பெண்ணோடு அதிகம் ஒட்டிப்போகிறது என்று அது சொன்னது. பள்ளியால் ஒன்றும் ஆகாது என்று இதற்குப் பொருள் இல்லை. பள்ளி என்ன செய்கிறது என்பதைச் சராசரி மதிப்பெண் காட்டாது, அவ்வளவுதான்.

இதை எனக்குத் தெளிவாகப் புரியவைத்தது சிகாகோ. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் அந்நகரப் பொதுப்பள்ளிகளின் மதிப்பெண்களை ஆராய்ந்தார். மூன்றாம் வகுப்பில் அந்தப் பிள்ளைகள் நாட்டுச் சராசரிக்கு நன்றாகவே பின்தங்கியிருந்தார்கள். ஆனால் எட்டாம் வகுப்புக்குப் போவதற்குள், அதாவது ஐந்து ஆண்டுகளில், ஆறு ஆண்டுப் படிப்புக்குச் சமமான தூரத்தைக் கடந்திருந்தார்கள். சராசரியை மட்டும் பார்த்து வீடு தேடுகிறவர் இந்த வேகத்தைப் பார்க்கவே மாட்டார். ஆகவே அங்குள்ள கல்வித்துறையிடம், ஒரே பிள்ளைகள் ஓராண்டிலிருந்து அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு முன்னேறினார்கள் என்ற கணக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் தரவரிசையை ஓரமாக வைத்துவிட்டு அதைப் பாருங்கள்.

ஆனால் வாடகை ஏறுவது சராசரியைப் பார்த்துத்தான். பொருளியலாளர் சாண்ட்ரா பிளாக், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பள்ளி எல்லைக்கோட்டின் இரு பக்கமும் இருந்த வீடுகளின் விலையை ஒப்பிட்டு 1999இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அக்கம்பக்கம் எல்லாம் ஒன்றுதான், பள்ளி மட்டும் வேறு. தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடினால் பெற்றோர் வீட்டுக்கு 2.5 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். முதல் பகுதியில் நீங்கள் கொடுக்கப்போகும் பணத்திலும் ஒரு பங்கு இப்படிப்பட்டதுதான்.

அந்த எல்லையாவது நிலையானதா என்றால் அதுவும் இல்லை. புதுப் பள்ளி திறந்தாலோ பழைய பள்ளி நிரம்பி வழிந்தாலோ எல்லைக்கோட்டை மாற்றி வரைவார்கள். பெய்ஜிங்கின் சிச்செங் வட்டாரத்தில் குறிப்பிட்ட பள்ளிக்காகவே பெருவிலை கொடுத்து வீடு வாங்குவது வழக்கமாக இருந்தது. 2020 ஜூலைக்குப் பிறகு வாங்குகிறவர்களுக்கு அந்த ஒரே பள்ளி என்ற உறுதி கிடையாது, பல பள்ளிகளில் ஏதோ ஒன்று ஒதுக்கப்படும் என்று அறிவித்துவிட்டார்கள். இங்கிலாந்தில் பல இடங்களில் வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்தை அளந்து இடம் கொடுக்கிறார்கள். எவ்வளவு தூரம் வரை இடம் கிடைக்கும் என்பது அந்த ஆண்டு யார் யார் விண்ணப்பிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறும். வீட்டுத் தரகர் சொல்வதை நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். கதவு எண்ணோடு முழு முகவரியைக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பி, எந்தப் பள்ளி, இடம் இருக்கிறதா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

இன்னொன்று. நீங்கள் ஒரே ஒரு பள்ளியின் மதிப்பெண்ணைத்தான் எழுதியிருக்கிறீர்கள். மகள் சேரப்போவது தொடக்கப்பள்ளியில், மகன் உயர்நிலைப் பள்ளியில். பல நகரங்களில் இரண்டுக்கும் எல்லை வேறு. அந்த ஆறு யாருடைய பள்ளிக்கு?

மகனைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். 1994 முதல் 1998 வரை அமெரிக்காவின் ஐந்து நகரங்களில், வறுமை மிகுந்த பகுதிகளில் இருந்த குடும்பங்கள் சிலவற்றுக்குக் குலுக்கல் முறையில் வாடகை உதவி கொடுத்து, வறுமை குறைந்த பகுதிகளுக்கு மாற வழிசெய்தார்கள். பொருளியலாளர் ராஜ் செட்டியும் அவருடைய சகாக்களும் பின்னாளில் அந்தப் பிள்ளைகளின் வருமானத்தைப் பார்த்தார்கள். பதின்மூன்று வயதுக்குள் இடம் மாறியவர்கள் இருபதுகளின் நடுவில், உதவி கிடைக்காத குடும்பத்துப் பிள்ளைகளைவிட 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அதற்கு மேற்பட்ட வயதில் மாறியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை, கொஞ்சம் இழப்பே இருந்தது. பழகிய இடத்தை விட்டுப் பிடுங்கப்படுவதே காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். உங்கள் நிலைமை வேறு, இந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் பதினான்கு வயதில் நண்பர்களை விட்டு வருகிற பையனை ஒரே ஆண்டில் மறுபடி இடம் மாற்றக்கூடாது என்பதற்கு இது போதும். சம்பளத்தில் பாதியை விழுங்கும் வாடகையை எத்தனை மாதம் தாங்குவீர்கள்? அடுத்த வாடகை உயர்வில் காலி செய்ய வேண்டி வந்தால் அவனுக்கு அது மூன்றாவது பள்ளி. நான்கு ஆண்டு நிம்மதியாக இருக்க முடிகிற வீடு எது என்று பாருங்கள். போக வர தினமும் இரண்டரை மணி நேரத்தைச் சாலையில் விட்டுவிட்டு வரும் அப்பாவுக்கு, மகள் எழுத்துக்கூட்டிப் படிப்பதை உட்கார்ந்து கேட்கத் தெம்பு இருக்குமா என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, பள்ளிக்குப் போனால் என்ன பார்ப்பது? தொடக்கப்பள்ளியில் சுவரில் ஒட்டியிருக்கும் பிள்ளைகளின் படங்களைப் பாருங்கள். இருபது படத்திலும் அதே வீடு, அதே மரம், அதே மஞ்சள் சூரியன் என்றால் வரைந்தது ஆசிரியர்தான். ஒன்றில் வீடு சாய்ந்தும் இன்னொன்றில் சூரியன் பச்சையாகவும் இருந்தால் எனக்கு நம்பிக்கை வரும். தலைமையாசிரியரிடம் கட்டட வசதி பற்றிக் கேட்க வேண்டாம். போன ஆண்டு எத்தனை ஆசிரியர்கள் விலகினார்கள், மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். "தனியாகக் கவனிக்கிறோம்" என்பது பதில் ஆகாது. யார், வாரத்தில் எத்தனை நாள், எந்த நேரத்தில் என்று அவர் சொல்ல வேண்டும். அப்புறம் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் கொஞ்ச நேரம் நின்று, அங்கு வரும் பெற்றோர் இரண்டு பேரிடம் பேசுங்கள்.

ஆசிரியர்கள் ஆண்டுதோறும் ஓடுகிறார்கள், பிள்ளைகள் பயந்து பயந்து வருகிறார்கள் என்று தெரிந்தால் நான் சொன்னதை விட்டுவிடுங்கள். அப்போது மூன்றாவதாக ஒரு பகுதியைத் தேடுங்கள். உங்கள் கடிதத்தில் இரண்டே பகுதிகள் இருப்பதால் நகரத்திலும் இரண்டே இருக்காது.

உயர்நிலைப் பள்ளியைப் பார்க்கப் போகும்போது மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கு தினமும் போகப்போகிறவன் அவன்தான். அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.