வாத்துக்குப் பறவைக் காய்ச்சல் தடுப்பூசி: கேட்டவர்களுக்குப் பதில்

வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் தடுப்பூசி போடுவது பற்றிச் சந்தேகங்களைக் கேட்கச் சொல்லியிருந்தேன். நிறையக் கேட்டிருக்கிறீர்கள். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: பறவைக் காய்ச்சல் வந்தால் கோழிதான் கொத்துக் கொத்தாகச் சாகிறது. வாத்து பாட்டுக்கு நன்றாகத் திரிகிறதே, அதற்கு எதற்கு ஊசி?

அப்படித் திரிவதுதான் ஆபத்து. பறவைக் காய்ச்சலை உண்டாக்கும் இன்ஃபுளுவென்சா வைரஸ்களுக்குத் தாய்வீடே காட்டு நீர்ப்பறவைகள்தான். வாத்தின் குடலில் பெருகி, எச்சத்தோடு வெளியே வந்து, தண்ணீரில் கலந்துவிடும். குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். வாத்து இரை எடுக்கும், நீந்தும், முட்டையிடும். கூடவே வைரஸையும் பரப்பிக்கொண்டிருக்கும். இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் எச்5என்1 வம்சம் முதலில் பிடிபட்டதும் ஒரு நீர்ப்பறவையிடம்தான். 1996-இல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் ஒரு வளர்ப்பு வாத்தினப் பறவையில், அதாவது கூஸ் என்கிற பெருவாத்தில், கண்டுபிடித்தார்கள். மறு வருடமே ஹாங்காங்கில் 18 பேருக்குத் தொற்றி 6 பேர் இறந்தார்கள்.

வாத்துக்கு ஒன்றும் ஆகாது என்பதும் இப்போது பழைய கதை. 2002-க்குப் பிறகு வாத்தையே கொல்லும் ரகங்கள் வந்துவிட்டன. கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும், தண்ணீரில் விட்டால் வட்டமடிக்கும், கருவிழியில் நீலம் கலந்த வெண்படலம் தெரியும். குஞ்சுகள் முதலில் போகும்.

கேள்வி: டக் பிளேக் ஊசி போட்டாச்சு சார். அது போதாதா?

போதாது. டக் பிளேக் ஒரு ஹெர்பிஸ் வைரஸால் வருவது, இது இன்ஃபுளுவென்சா. ஒன்றுக்குப் போட்ட ஊசி இன்னொன்றைத் தடுக்காது.

கோழி ஊசியையே வாத்துக்குப் போடலாமா என்றும் சிலர் கேட்டிருந்தீர்கள். லேபிளில் வாத்து என்று இல்லாவிட்டால் போடாதீர்கள். கோழிகளுக்கு வான்கோழி ஹெர்பிஸ் வைரஸின் மேல், எச்5 என்கிற பறவைக் காய்ச்சல் வைரஸின் மேற்பரப்புப் புரதத்துக்கான மரபணுவை ஏற்றிச் செய்த தடுப்பூசி உண்டு. கோழியில் அது நன்றாக வேலை செய்கிறது. வாத்தின் உடலிலோ அந்த வைரஸ் சரியாகப் பெருகுவதில்லை, அதனால் எதிர்ப்பும் பெரும்பாலும் போதிய அளவு உருவாவதில்லை. இதே யோசனையை வாத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றி, டக் பிளேக் தடுப்பூசி வைரஸின் மேலேயே எச்5 மரபணுவை ஏற்றிச் சீன விஞ்ஞானிகள் ஆய்வு செய்திருக்கிறார்கள். அது எனக்கு மிகவும் பிடித்த யோசனை.

கேள்வி: எத்தனை நாள் குஞ்சுக்குப் போட வேண்டும்? ஒரு டோஸ் போதுமா?

வாத்துகளுக்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கிய பிரான்ஸில் முதல் டோஸ் 10-ஆம் நாள், இரண்டாவது 28-ஆம் நாள் என்று வைத்தார்கள். நோய் அதிகம் வரும் பருவத்தில், ஆபத்து மிகுந்த பகுதிகளில் மூன்றாவதும் உண்டு. முதல் டோஸோடு நிறுத்திவிட்டால் வாத்தின் எதிர்ப்பு பெரும்பாலும் போதாது. தாய் வாத்துக்கு ஊசி போட்டிருந்தால் அதன் எதிர்ப்பணுக்கள், அதாவது ரத்தத்தில் நோயை எதிர்க்கும் புரதங்கள், முட்டை வழியாகக் குஞ்சுக்கு வந்திருக்கும், அவை முதல் டோஸை மந்தமாக்கிவிடும். அதனால் தாய்க்கு எப்போது போட்டீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லாமல் அட்டவணை வாங்காதீர்கள்.

கேள்வி: பிரான்ஸில் வாத்துகளுக்குக் கட்டாயமாகப் போட்டார்களே, பலன் இருந்ததா?

இருந்தது. 2021-22 பருவத்தில் அங்கே 1,300-க்கும் மேற்பட்ட பண்ணைகளில் நோய் வந்தது. 2 கோடிக்கும் மேலான பறவைகளை அழித்தார்கள். 2023 அக்டோபரில், 250 வாத்துகளுக்கு மேல் உள்ள பண்ணைகளுக்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கினார்கள். பயன்படுத்திய ஊசிகளில் எச்5 புரதத்தை மட்டும் தனியே தயாரித்தது ஒன்று; அந்தப் புரதத்தை உடலே செய்துகொள்ளும்படி குறிப்பை அனுப்பும் ஆர்என்ஏ முறையில் செய்தது இன்னொன்று. 2023-24 பருவத்தில் 10 பண்ணைகளோடு நின்றது. அந்த வருடம் ஐரோப்பா முழுக்கவே வைரஸ் நடமாட்டம் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும், முழுப் பெருமையும் ஊசிக்கு இல்லை. ஆனாலும் பெரும்பங்கு ஊசிக்குத்தான் என்பது என் கணிப்பு.

கோழிகளை விட்டுவிட்டு வாத்தை மட்டும் ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். சரியான கேள்வி. அறிகுறி தெரியும் முன்பே வைரஸை அள்ளி இறைப்பது வாத்துதான். பெருக்கும் இடத்திலேயே அடைத்துவிட்டால் கோழிப்பண்ணைகளும் தப்பும்.

கேள்வி: அவ்வளவு நல்லதென்றால் மற்ற நாடுகள் ஏன் தயங்குகின்றன?

ஏற்றுமதி. பிரான்ஸ் ஊசி போட ஆரம்பித்ததும் அமெரிக்காவும் கனடாவும் அங்கிருந்து வரும் கோழி, வாத்து இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டன. நிறைய பேர் இதை வெறும் வியாபாரத் தந்திரம் என்று நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது.

ஊசி நோயின் வேகத்தைக் குறைக்கும், வெளியே வரும் வைரஸின் அளவையும் நன்றாகக் குறைக்கும். ஆனால் தொற்றே வராமல் முழுக்கத் தடுக்கும் என்று சொல்ல முடியாது. ஊசி போடாத கூட்டத்தில் வைரஸ் நுழைந்தால் இரை குறையும், சாவு கூடும், நமக்குத் தெரிந்துவிடும். ஊசி போட்ட கூட்டத்தில் அந்த எச்சரிக்கை வராமலே போகலாம். இதில் வாத்து ஏற்கனவே பல சமயம் அறிகுறியைக் காட்டாத பிராணி. அதனால் ஊசியைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டால், வைரஸை ஒழிப்பதற்குப் பதிலாக ஒளித்து வைத்தவர்களாவோம். பிரான்ஸில் ஊசி போட்ட பண்ணைகளில் செத்த வாத்துகளிலிருந்து மாதிரி எடுக்கிறார்கள், மருத்துவர் வந்து கூட்டத்தைப் பரிசோதிக்கிறார். அந்தத் திட்டத்தில் பாதி வேலை அதுதான்.

கேள்வி: ரத்தத்தில் எதிர்ப்பணு இருந்தால், அது ஊசியால் வந்ததா நோயால் வந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எச்5 புரதம் மட்டும் உள்ள ஊசி போட்டால் வாத்தின் உடலில் எச்5-க்கு எதிரான எதிர்ப்பணுக்கள் மட்டுமே உருவாகும். உண்மையான வைரஸ் நுழைந்தால் அதன் உள்ளே இருக்கும் நியூக்ளியோ புரதத்துக்கு எதிராகவும் உருவாகும். ஆகவே அந்த இரண்டாவதைத் தேடிப் பார்ப்பார்கள். இருந்தால் வைரஸ் வந்துபோயிருக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: ஒருமுறை தயாரித்த ஊசி எத்தனை வருடம் தாங்கும்?

வைரஸ் மாறிக்கொண்டே இருக்கிறது, ஊசியும் கூடவே மாற வேண்டும். சீனா பல ஆண்டுகளாகத் தடுப்பூசி ரகங்களை மாற்றி மாற்றித்தான் போடுகிறது. 2017-இல் எச்5, எச்7 இரண்டும் சேர்ந்த ஊசியைக் கோழி, வாத்துகளுக்குப் போட ஆரம்பித்த பிறகு, மனிதர்களுக்கு வந்துகொண்டிருந்த எச்7என்9 என்கிற இன்னொரு பறவைக் காய்ச்சல் வைரஸ் தொற்று மளமளவெனக் குறைந்தது.

கேள்வி: இரண்டு வாத்து கழுத்தைத் திருகுது, ஒன்று செத்துப்போச்சு. மத்ததுக்கு உடனே ஊசி போட்டுக் காப்பாத்தலாமா அண்ணா?

வேண்டாம். இது மருந்து இல்லை, முன்கூட்டியே போட வேண்டியது. எதிர்ப்பு உருவாக வாரங்கள் ஆகும். கூட்டத்துக்குள் ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட்டால் உங்கள் கையும் செருப்பும் ஊசியும்தான் நோயைப் பரப்பும். இன்றே கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். செத்ததை வெறுங்கையால் தொடாதீர்கள், அறுக்காதீர்கள். யாரையும் உள்ளே விடாதீர்கள், ஒரு வாத்தையும் வெளியே விற்காதீர்கள். விற்றுவிடத் தோன்றும், புரிகிறது. ஆனால் அந்த ஒரு விற்பனையில் இன்னொருவர் பண்ணையே போய்விடும்.

கேள்வி: வீட்டில் பத்துப் பன்னிரண்டு வாத்துதான் இருக்கிறது. நானே வாங்கிப் போடலாமா?

முதலில் உங்கள் நாட்டில் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். பல நாடுகளில் இல்லை. மறைமுகமாக வரும் ஊசியில் எந்த ரகம் இருக்கிறது, வழியில் எத்தனை முறை சூடேறியது என்று யாருக்கும் தெரியாது. சின்னக் கூட்டத்துக்கு இரையையும் தண்ணீரையும் காட்டுப் பறவை தொடாத இடத்தில் வைப்பதே பெரிய பாதுகாப்பு.

கேள்வி: ஊசி போட்ட வாத்து முட்டை, கறி சாப்பிடலாமா?

லேபிளில் சொன்ன இடைவெளி முடிந்த பிறகு தாராளமாக.

கேள்வி: அனுமதி உள்ள பண்ணையில் வேலை பார்க்கிறேன். ஊசி போடும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். எண்ணெய் கலந்த ஊசி உறைந்துவிட்டால் வீண். போடும் முன் வெளியே எடுத்துக் குளிர் தணிய விட்டு, நன்றாகக் குலுக்குங்கள். வாத்தைக் காலைப் பிடித்துத் தூக்காதீர்கள், மூட்டு போய்விடும். இறக்கையோடு சேர்த்து உடம்பை அணைத்துப் பிடியுங்கள். பின்கழுத்தின் கீழ்ப்பகுதியில் தோலை மட்டும் இரண்டு விரலால் தூக்கி, ஊசியைச் சாய்த்து உள்ளே விடுங்கள். சதையில் இறங்கக் கூடாது. ஊசியை அடிக்கடி மாற்றுங்கள். ஒரு பண்ணையில் போட்ட உடுப்போடு அடுத்த பண்ணைக்குள் போகாதீர்கள்.

எண்ணெய் ஊசி தவறி உங்கள் விரலில் ஏறிவிட்டால், ஒரு துளிதானே என்று விடாதீர்கள். வீங்கி ரத்த ஓட்டம் நின்று விரலையே இழக்க நேரிடும். வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருந்துப் பெட்டியில் இருக்கும் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய், மினரல் ஆயில் உள்ளே போயிருக்கிறது என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.