சடங்கும் கத்தியும்: கடிதம், பதில்

அன்புள்ள ஐயா,

ஆப்பிரிக்காவில் பெண்குறியை அறுக்கும் வழக்கத்தை உங்கள் உரையொன்றில் கடுமையாகக் கண்டித்தீர்கள். சிறுமியைப் பெண்ணாக ஏற்றுக்கொள்ளும் சடங்கு அல்லவா அது? மிஷனரிகள் சொன்னதை நாமும் திருப்பிச் சொல்ல வேண்டுமா?

க.

அன்புள்ள க.,

மிஷனரிகளைப் பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது. 1929இல் கென்யாவின் கிகூயூ பகுதியில், இச்சடங்கைக் கைவிடுவதாக உறுதிமொழி தராதவர்களை ஸ்காட்லாந்து மிஷன் விலக்கி வைத்தபோது, மக்கள் தமக்கென்று தனிச் சபைகளையும் பள்ளிகளையும் தொடங்கினார்கள். அறுப்பது அச்சடங்கின் ஒரு பகுதி மட்டுமே என்றும், குலத்தின் வரலாறும் ஒழுக்கமும் அதன் வழியாகவே கற்பிக்கப்படுகின்றன என்றும் பின்னாளில் கென்யாவின் முதல் குடியரசுத் தலைவரான ஜோமோ கென்யாட்டா 1938இல் வாதிட்டார்.

கென்யாவின் மேரு பகுதியில் நடந்தது உங்கள் ஐயத்துக்கு இன்னும் வலுவான சான்று. 1956இல், பிரிட்டிஷ் அதிகாரிகளின் தூண்டுதலால், ஆண்கள் மட்டுமே அமர்ந்த மூப்பர் அவை இச்சடங்கைத் தடை செய்தது. சிறுமிகள் கடையில் சவர பிளேடு வாங்கிக்கொண்டு புதர்க்காட்டுக்குப் போய் ஒருவருக்கொருவர் அறுத்துக்கொண்டார்கள். ‘நானே எனக்குச் செய்துகொள்வேன்’ என்ற பொருளில் அவர்களுக்கு ‘ஙைதானா’ என்று பெயர். மூன்றாண்டுகளில் 2,400க்கும் மேற்பட்டவர்கள் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. அவர்களே விரும்பினார்களே என்பீர்கள். அறுக்கப்படாதவள் எத்தனை வயதானாலும் சிறுமியாகவே கருதப்பட்ட ஊரில், பெண்ணாவதற்கு வேறு வாசல் இல்லாதபோது, அந்த விருப்பத்தைச் சுதந்திரமான தெரிவு என்று என்னால் சொல்ல இயலவில்லை. ரத்தப்போக்கும் சீழும் பிரசவச் சிக்கலும் விருப்பத்தைக் கேட்டுக்கொண்டு வருவதுமில்லை.

அந்த இன்னொரு வாசல் 1996இல் கென்யாவின் தராகா பகுதியில் திறந்தது. உள்ளூர்ப் பெண்களும் பெண்கள் அமைப்பொன்றும் சேர்ந்து ‘ன்டானிரா நா முகாம்போ’, அதாவது ‘சொல்லால் விருத்தசேதனம்’, என்பதை உருவாக்கினார்கள். சிறுமிகள் சில நாள் தனித்திருந்து பெரியவர்களிடம் பாடம் கேட்கிறார்கள். வெளியே வரும் நாளில் பாட்டும் ஆட்டமும் பரிசும் உண்டு, கத்தி மட்டும் இல்லை. பண்பாடு என்று நீங்கள் காக்க விரும்புவது எதுவோ, அதில் பெரும்பகுதி அங்கே அப்படியே இருக்கிறது.

இதற்கு நேர்மாறானது கென்யாவின் கிசி பகுதியில் நடக்கிறது. அங்கே ஊர்கூடிக் கொண்டாடிய விழா சுருங்கிவிட்டது. சட்டத்துக்குப் பயந்து, முன்பைவிடச் சிறிய வயதுப் பிள்ளைகளை, பல இடங்களில் செவிலியரைக் கொண்டே, ரகசியமாக அறுக்கிறார்கள். விழா இல்லை, பாடமும் இல்லை. அறுப்பது மட்டும் நிற்கவில்லை. நான் கண்டித்தது அதைத்தான்.