பிழையில்லாமல் ஓடுகிறது, ஆனால் தொகை மாறுகிறது

கேள்வி: பைத்தான் 2.7-இல் எழுதிய பழைய ஊதியக் கணக்கு நிரலை 2டூ3 கருவியால் பைத்தான் 3-க்கு மாற்றினேன். பிழை எதுவும் வரவில்லை. ஆனால் சில தொகைகள் முன்புபோல் வருவதில்லை. எங்கே தேடுவது?

பதில்: முதலில் வகுத்தல் குறியைப் பாருங்கள். பழைய பைத்தானில் 7/2 என்றால் 3. புதியதில் 3.5. பிரிண்ட் வரிக்கு அடைப்புக்குறி போட்டுத் தரும் 2டூ3, வகுத்தலைத் தொடாது. இருபுறமும் முழு எண்ணா, தசம எண்ணா என்பது நிரல் ஓடும்போதுதான் தெரியும். கருவி அதை எப்படி ஊகிக்கும்?

அதற்காக எல்லா இடத்திலும் // (விடையைக் கீழ்நோக்கி முழு எண்ணாக்கும் வகுத்தல்) என்று மாற்றிவிடாதீர்கள். தசம எண் வரும் இடத்தில் அது பின்னத்தை விழுங்கிவிடும். பின்னத்தை வெட்டி முழு எண்ணாக்கும் இன்ட்டுக்குள் (int) விடையைப் போடுவதும் சரிவராது: -7/2 பழையதில் -4, இன்ட் போட்டால் -3. ஊதியத்தில் பிடித்தம் எதிர்மறை எண்ணாக வந்தால் இங்கேதான் இடறும். ஒவ்வொரு வகுத்தலையும் கண்ணால் பார்த்து முடிவெடுப்பதைத் தவிர வழியில்லை. மாற்றாத பழைய நிரலை 2.7-இலேயே -3 என்ற கட்டளைவரித் தெரிவோடு (python -3) ஓட்டுங்கள். முழு எண் வகுத்தல் நடக்கும் வரிகளை எச்சரிக்கையாகக் காட்டும். ஓடாத கிளைகளைக் காட்டாது என்பதால், விதவிதமான உள்ளீடுகளைக் கொடுங்கள்.

அடுத்தது ரவுண்ட். 0.125-ஐ இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கினால் பழையதில் 0.13, புதியதில் 0.12. சரிபாதியாக நிற்கும் எண்ணைப் பைத்தான் 3 இரட்டைப்படைப் பக்கம் தள்ளுகிறது. பணக் கணக்கென்றால் தசம எண்களைத் துல்லியமாகக் கணக்கிடும் டெசிமல் மாட்யூலுக்கு மாறி, பாதியை மேலே ஏற்றும் விதியை வெளிப்படையாக எழுதிவிடுங்கள். என்னைக் கேட்டால், பதிப்பு மாறாவிட்டாலும் செய்திருக்க வேண்டிய வேலை அது.

பெயர்ப் பட்டியலையும் ஒருமுறை சரிபாருங்கள். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் பழையதில் 15 பைட், புதியதில் 5 யூனிகோடு குறிகள் (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி). நீளத்தை எண்ணி நெடுவரிசைகளாக வெட்டும் நிரல் வரிகள் இதில் குலைந்துபோகும்.

இனி எந்த வரியைத் தொடும் முன்பும், ஒரே உள்ளீட்டுக்குப் பழைய நிரல் தரும் விடைகளைக் கோப்பாகச் சேமித்து, ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் அதோடு ஒப்பிடுங்கள்.